சாம்பல் நிறக் கட்டம்

லூமிங் அக்கா பிரஷர் பார்க்க வந்தால் முதலில் கையை நீட்டச் சொல்ல மாட்டார். போனைக் கேட்பார். தோள்பையிலிருந்து மூடியோடு ஒரு சின்ன அலுமினியச் சோற்றுப்பானையை எடுத்து மேசைமேல் வைப்பார். வீட்டில் இருக்கிற எல்லாருடைய போனும் அதற்குள் போயாக வேண்டும். கடைசியாகத் தன் போனையும் போட்டு மூடிவிட்டு, "இப்பக் கொஞ்ச நேரம் சும்மா உக்காருவோம்" என்பார். பானைக்குள் யாருடைய போனாவது சிணுங்கினால், உட்கார்வது மறுபடி முதலிலிருந்து. அதன் பிறகுதான் கையில் பிரஷர் பட்டை ஏறும்.

எங்கள் தெருவில் இதை யாரும் வேடிக்கையாக நினைப்பதில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டும் என்னவென்று கேட்பார்கள். "தேர்தல் சமயத்துல வந்த பழக்கம்" என்று யாராவது சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். மாற்றக் காரணம் உண்டு. எர்வின் இந்தத் தெருவில்தான் டிரைசிகிள் என்கிற மூன்று சக்கரப் பைக் வண்டி ஓட்டுகிறான்.

லூமிங் அக்காவின் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். பிலிப்பைன்ஸின் லோஸ் பான்யோஸில் நெல் ஆராய்ச்சிக்காரர்களின் அறிக்கைகளைத் திருத்தும் வேலைக்குச் சின்ன ஒப்பந்தத்தில் வந்தவள். ஒப்பந்தம் நீண்டு நீண்டு, தலை நரைக்கிற வரைக்கும் இங்கேயே இருந்துவிட்டேன். மாடிப்படி அவர்கள் சமையலறையை ஒட்டி ஏறுகிறது. அதனால் கீழே என்ன வேகிறது, யாருக்கு யார்மேல் கோபம் என்பதெல்லாம் வாடகைக்குள் அடக்கம்.

அவருடைய முழுப்பெயர் இலுமினாடா. வட்டார சுகாதாரத் தொண்டர். குழந்தைகளை எடை போடுவது, தடுப்பூசி நாளன்று வீடு வீடாகப் போய்த் தாய்மார்களை இழுத்து வருவது, பிரஷர் பார்த்து மாத்திரை வாங்கித் தருவது எல்லாம் அவர் வேலை. ஏரி பெருகித் தெருவுக்குள் வந்த வருடம் இடுப்பளவு தண்ணீரில் மருந்துப் பெட்டியைத் தலையில் சுமந்து போனவர் என்று எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். அவரோ, "பெட்டிக்கு மேல என் செருப்பு இருந்துச்சு. புதுச் செருப்பு. அதுக்காகத்தான் அவ்வளவு உயரமாத் தூக்கிப் பிடிச்சேன்" என்பார். கணவர் பொன்சோ ஏரியில் மீன் வளர்க்கிற கூண்டுகளுக்குக் காவல். ஒரே மகள் தோஹாவில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் கரோக்கிப் பெட்டி வந்துவிடும். லூமிங் அக்காவுக்குக் குரல் சுமார்தான். ஆனால் பாடும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் குரலைக் கவனிப்பதில்லை.

மூன்று வீடு தள்ளி சாரிங் அக்கா. புட்டோ என்கிற அரிசிப் பணியாரம் அவித்துச் சந்தையில் விற்கிறவர். கணவர் போய்ப் பல வருடமாகிறது. அவருடைய மகன்தான் எர்வின். எர்வினுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது அவனைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் லூமிங். ஒரு பிள்ளையை அப்படி ஏந்திவிட்டால், பெற்றவளும் ஏந்தியவளும் அன்று முதல் ஒருவருக்கொருவர் 'மாரே'. கூடப் பிறந்தவர்கள் சண்டை போட்டால் ஊர் கண்டுகொள்ளாது. மாரேக்கள் சண்டை போட்டால் ஊரே கூடிப் பேசும். எர்வின் தன் ஞானத்தாயைத் தெருவில் எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டுதான் போவான். பயணிகள் உள்ளே உட்கார்ந்திருந்தாலும் சரி.

சாரிங் அக்காவுக்கு நாள்பட்ட பிரஷர். லூமிங்கைத் தவிர வேறு யாருக்கும் கையை நீட்ட மாட்டார். "வெள்ளை கோட்டைப் பாத்தாலே எனக்கு ஏறிடுது. மாரே வந்து வம்பு பேசினாத்தான் இறங்குது" என்பார். அளவு எழுதிக் கொண்டுபோகாமல் சுகாதார நிலையத்தில் மாத்திரை தர மாட்டார்கள். ஆக, லூமிங் வந்தால் அளவு, அளவு இருந்தால் மாத்திரை.

அப்போதுதான் அந்தப் பெரிய தேர்தல் வந்தது. லூமிங் ஆரஞ்சுக் கட்சி. சாரிங் நீலக் கட்சி.

முதலில் எல்லாம் கேலியாகத்தான் இருந்தது. "நீ இறுக்குறதைப் பாத்தா என் ஓட்டையும் சேத்துப் பிழிஞ்சு எடுத்துடுவே போலிருக்கே மாரே!" என்று சாரிங் கத்துவார். "உன் ஓட்டு யாருக்கு வேணும்? உப்பைக் குறை. உன் ஆளு மாதிரியே நீயும் வீங்கிப்போய்க் கிடக்கே" என்பார் லூமிங். இருவரும் சிரிப்பது என் மாடி வரைக்கும் கேட்கும்.

சிரிப்பு போனது போனுக்குள்ளே.

லூமிங் அக்காவின் போனில் டேட்டா இருக்காது. காசு போடாமல் ஓடுகிற இலவச முகநூல்தான். தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அதில் எழுத்து வரும், படம் வராது. படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் நிற்கும். செய்தியின் தலைப்பு வரும், உள்ளே போக முடியாது. கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை அவரவர் மனசே வரைந்துகொள்ள வேண்டியதுதான்.

நானோ முகநூலில் ஒரு லைக் கூடப் போடாதவள். அரசியல் பதிவைப் பார்த்தாலே விசா ஞாபகம் வந்து விரல் தானாகப் பின்வாங்கிவிடும். சென்னையில் இருக்கிற எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் அண்ணனும் சித்தப்பாவும் அடித்துக்கொள்வதைக்கூடச் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். அப்படிப்பட்டவளுக்கு, கீழ்வீட்டில் நடந்தது நாளுக்கு நாள் கவலையாகிக்கொண்டு வந்தது. லூமிங் அக்கா தெருவில் நடக்கும்போது உதடு அசைய ஆரம்பித்தது. யாருக்கோ பதில் தயார் செய்துகொண்டே நடப்பார். சோறு அடிப்பிடித்த வாடை அடிக்கடி மேலே வந்தது. ரொமுலோ என்று எங்கோ மணிலாவில் இருக்கிற ஒருவரோடு வாரக்கணக்கில் சண்டை. அந்த ஆளின் முகம்கூட அவருக்குச் சாம்பல் கட்டம்தான். "பெரிய மீசை வெச்சவனா இருப்பான் மேடம். எழுத்துலயே மீசை தெரியுது" என்றார் என்னிடம்.

"இவ எம் பக்கத்துலதான் உக்காந்திருக்கா" என்று பொன்சோ புலம்பினார். "ஆனா குடும்பம் நடத்துறது அந்த ரொமுலோவோட."

"நீ ஓட்டுப் போடுறதோட சரி. நாடு நாசமாப் போனா உனக்கென்ன, உன் மீன் இருந்தாப் போதும்!"

"மீனும் நாட்டுலதானடி இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை கரோக்கி வந்தது. மைக்கை அவரிடம் நீட்டினால், "இரு, இவனுக்கு ஒரு பதில் போட்டுட்டு வரேன்" என்பார். பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் ஓடிவிடும். ஒருநாள் எனக்குப் பிரஷர் பார்க்க வந்தவர், பட்டையைக் கட்டிக் காற்றை ஏற்றிவிட்டு, இறக்க மறந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, விரல் மரத்துப்போச்சு."

"ஐயோ!" என்று திருகைத் திறந்துவிட்டார். "ஒரு நிமிஷம் மேடம். இவ என்ன எழுதியிருக்கா பாருங்க."

'இவ' என்றது சாரிங் அக்காவை. இருவரும் இப்போது நேரில் வானிலையைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

ஈஸ்டர் முடிந்த வாரம், ஒரு நண்பகலில் லூமிங் அக்கா மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தார். பல நாளாகப் பார்க்காத சிரிப்பு முகத்தில்.

"மேடம், நீங்க எழுத்து வேலை பாக்குறவங்க. இதைப் படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. இன்னைக்கு அவளுக்கு நல்லாக் குடுத்தேன்!"

வாங்கிப் பார்த்தேன். சாரிங் அக்காவின் பதிவு. 'நம்ம தெருவையே ஏமாத்திட்டிருந்த திருடனோட மூஞ்சி இதுதான். எல்லாரும் நல்லாப் பாத்து வெச்சுக்குங்க.' அதன் கீழே சாம்பல் நிறக் கட்டம். ஆரஞ்சுக் கட்சிக்காரர்மேல் அன்று காலைதான் ஏதோ ஊழல் புகார் கிளம்பியிருந்தது. கட்டத்துக்குள் இருப்பது யார் என்பதில் லூமிங் அக்காவுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அவர் எழுதியிருந்த பதில் இது:

'திருடன் மூஞ்சியைப் பாக்கப் போன் எதுக்கு மாரே? சாப்பாட்டு மேசையில எதிர்ல உக்காந்திருக்கானே உன் மகன், அவனைப் பாரு. செம்புக் கம்பி எங்கே போச்சுன்னு கேளு, சொல்லுவான்.'

"அக்கா, எர்வினைப் பத்தி எதுக்கு..."

"அவ மட்டும் எங்க ஆளைத் திருடன்னு சொல்லலாமா? பாருங்க, எத்தனை சிரிப்புப் பொம்மை விழுந்திருக்கு! எல்லாம் அவளுக்கு விழுந்த அடி."

என் வீட்டு வைஃபை அவர் போனுக்குப் பழக்கம். தோஹாவிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் என் அறையில் உட்கார்ந்துதான் பேசுவார். அவர் என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் தானாக வைஃபையைப் பிடித்தது. சாம்பல் கட்டம் மேலிருந்து கீழாகக் கரைய ஆரம்பித்தது. முதலில் ஒரு சமையலறை அலமாரி. அப்புறம் கவிழ்ந்து கிடந்த ஒரு கூடை. அதன்மேல், வாயில் கருவாட்டோடு, கேமராவை நேராக முறைத்துக்கொண்டு ஒரு கொழுத்த பூனை.

லூமிங் அக்கா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இது என்ன?"

"பூனை அக்கா."

"அது தெரியுது. எங்க ஆளு படம் எங்கே?"

"அவ்வளவுதான் அக்கா. பூனை மட்டும்தான்."

அவருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "ஐயோ, நிறத்தைப் பாருங்க, இதுவும் ஆரஞ்சு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக வந்த கமெண்டுகளும் ஒவ்வொன்றாக இறங்கின. 'லூமிங்குக்குப் பூனைமேல என்ன கோபம்?' 'பூனைக்கே பதில் சொல்றாங்கப்பா!' அதன் கீழே, 'இரு, என்ன செம்புக் கம்பி?' அதன் கீழே, 'எர்வினா? அந்த பம்ப்செட் சமாசாரமா? நான் அப்பவே நினைச்சேன்.'

சிரிப்பு நின்றது. அக்கா என் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

எர்வின் பள்ளியை விட்டுவிட்டுக் கண்ட சேர்க்கையோடு சுற்றிய காலத்தில், வயல்பக்கத்துப் பம்ப்செட்டிலிருந்து செம்புக் கம்பியை அறுத்துவிட்டான். விஷயம் தெரிந்தது அவன் அம்மாவுக்கும் ஞானத்தாய்க்கும் மட்டும். கம்பியை அவன் தோளிலேயே ஏற்றி, இரண்டு பக்கமும் இரண்டு பேரும் நடந்து, பம்ப்செட்டுக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொடுக்க வைத்தார்கள். அவரும் நல்ல மனிதர், வெளியே சொல்லவில்லை. அதற்குப் பிறகு எர்வின் யாருடைய ஊசியைக்கூடத் தொட்டதில்லை. இதையெல்லாம் லூமிங் அக்கா அன்றைக்குத்தான், கொஞ்சம் கொஞ்சமாக, என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் ஏந்தின பிள்ளை மேடம்" என்றார்.

பதிலை அழித்தார். அழித்து என்ன? அதற்குள் அது படமாகப் பிடிக்கப்பட்டு நீலக் குழுவுக்கும் ஆரஞ்சுக் குழுவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஆரஞ்சுக் குழுவில் 'சபாஷ் லூமிங்!' என்று வாழ்த்து வேறு.

அன்று சாயங்காலமே சாரிங் வீட்டு வாசலில் போய் நின்றார். "மாரே!" என்று கூப்பிட்டார். உள்ளே புட்டோ அவிக்கிற பாத்திரத்தின் மூடி எடுபடுகிற சத்தம், போடுகிற சத்தம். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. பிரஷர் பார்க்கிற நாள் வந்தது. பையோடு போனார். கதவு திறக்கவில்லை. மாத்திரை தீர்ந்துபோகிற கணக்கு அவருக்குத் தெரியும். சாரிங் வேறு யாரிடமும் கையை நீட்ட மாட்டார் என்பதும் தெரியும்.

"முகநூல்லயே மன்னிப்புக் கேட்டு ஒண்ணு எழுதிப் போட்டுடறேன்" என்று ஆரம்பித்தார். ஆரஞ்சுக் குழுவில் யாரோ, 'இப்ப மன்னிப்புக் கேட்டா நீலக்காரங்க அதை வெச்சே நம்மை அடிப்பாங்க, தேர்தல் முடியட்டும்' என்று எழுதினார்கள். பொன்சோ அதைப் படித்துவிட்டுப் போனைப் பிடுங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"மறுபடியும் இதுலயா? நீ எழுதுவே, அவன் ஒண்ணு சொல்வான், நீ அதுக்கு ஒண்ணு சொல்வே. அந்தப் பையன் பேரு இன்னும் நாலு தரம் அடிபடும். போதும்டி."

லூமிங் அக்கா கவிழ்ந்த போனை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை, பிரஷர் பையோடு என் கதவைத் தட்டினார். "மேடம், நீங்க போகணும்."

"நானா? எனக்கு இதெல்லாம் தெரியாதே அக்கா!"

"நான் சொல்லித் தரேன். உங்களுக்குத்தான் கலர் இல்லையே. ஓட்டே இல்ல. உங்களை உள்ளே விடுவா."

பொன்சோவின் கையில் வைத்துப் பழக்கினார். நான் அழுத்திய அழுத்தில், "அம்மா தாயே, நான் எந்தக் கட்சியும் இல்ல, என்னை விட்டுடு!" என்று அவர் அலறினார். எனக்குக் காதில் கேட்டதெல்லாம் என் இதயம்தான். இருந்தாலும் போனேன். ஏதாவது தவறாகிவிட்டால் யார் கேட்பார்கள், வெளிநாட்டுக்காரி வைத்தியம் பார்த்தாள் என்று புகார் வருமோ என்றெல்லாம் நினைத்துக்கொண்டே.

சாரிங் அக்கா கதவைத் திறந்தார். முகம் வெளுத்துக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"யாரு அனுப்பினா?"

"நிலையத்துலேருந்து..."

"பொய் சொல்லாதீங்க மேடம். காது செவந்துடுச்சு." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, என்மேல் இரக்கப்பட்டுக் கையை நீட்டினார்.

காற்றை ஏற்றினேன், இறக்கினேன். "ஒண்ணும் கேக்கல அக்கா."

"கேக்காது. காதுல ஸ்டெதாஸ்கோப்பைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க."

திருப்பி மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை கேட்டது. கேட்ட அளவு, நான் தப்பாகப் பார்த்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற அளவு. என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அவகிட்டச் சொல்லுங்க" என்றார், பட்டையைத் தானே கழற்றிக்கொண்டு. "என்னைச் சொன்னா நான் திருப்பிச் சொல்லிட்டுப் போவேன். நாங்க இன்னைக்கா சண்டை போடுறோம்? ஆனா அவன்? அந்த ஒண்ணை மறக்கத்தான் விடியுறதுக்கு முன்னாடி வண்டியை எடுக்கறான். இப்ப வண்டியில ஏறுறவங்க பையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கறாங்களாம். கண்ணாடியில பாக்கறான். எங்கிட்ட வந்து சொல்லல, நானா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். என் கையை அப்புறம் பாக்கலாம். முதல்ல அவன் முகத்தைப் பாக்கச் சொல்லுங்க."

அப்படியே போய்ச் சொன்னேன். லூமிங் அக்கா நிலையத்துச் சட்டையைக் கழற்றிவிட்டு, ஞாயிறு பூசைக்குப் போடுகிற கவுனை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பையை மறக்கவில்லை. நானும் பின்னாலேயே போனேன்.

சந்தை முனையில் டிரைசிகிள் நிறுத்தம். அங்கே எந்த வண்டி வேண்டும் என்று யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. வரிசையில் முதலில் நிற்கிற வண்டியில்தான் ஏற வேண்டும். எர்வினுடையது கடைசியில் நின்றது. லூமிங் அக்கா வெயிலில் நின்று, பின்னால் வந்தவர்களை எல்லாம், "நீங்க போங்க, நீங்க போங்க" என்று முன்னால் அனுப்பிக்கொண்டிருந்தார். ஓட்டுநர்கள் சும்மா விடுவார்களா?

"என்ன லூமிங், பூனை வண்டி ஓட்டினாத்தான் ஏறுவியா?"

"மியாவ்!" என்றான் இன்னொருவன். நிறுத்தமே சிரித்தது. எர்வின் மட்டும் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். ரொமுலோவுக்கு ஒரு வரி பாக்கி வைக்காத அக்கா, அடுத்த ஆளை முன்னால் விட்டார்.

அவன் முறை வந்தது. அவரைப் பார்க்காமலே, "வேற வண்டியில போகச் சொல்லுங்க" என்றான் வரிசையைப் பார்க்கிறவரிடம்.

"வரிசைன்னா எல்லாருக்கும் வரிசைதான்டா. அவங்களும் வண்டியை மாத்த முடியாது, நீயும் ஆளை மாத்த முடியாது."

லூமிங் அக்கா ஏறவில்லை. வண்டியின் முன்னால் போய் நின்றார். குரல் கரோக்கியில் பாடுகிறபோது இருக்கிற அளவுக்கு இருந்தது. எல்லாருக்கும் கேட்டது.

"நான் எழுதினதை நீங்க எல்லாரும் படிச்சீங்க. அது பாதி. மிச்சத்தை நான் எழுதல. அந்தக் கம்பியைத் திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்ததும் இவன்தான். தோள்ல சுமந்துக்கிட்டுப் போனான், நான் கூடப் போனேன். அன்னையிலேருந்து இவன் எப்படி இருக்கான்னு நான் சொல்ல வேண்டியதில்ல, இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். இவனை நான் ஞானஸ்நானத்துல ஏந்தினேன். வெட்கப்பட வேண்டியது நான். இவன் இல்ல." அதற்கப்புறம் அவனைப் பார்த்து, சின்னக் குரலில், "மன்னிச்சுடு மகனே" என்றார்.

'மியாவ்' சொன்னவன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரிசையைப் பார்க்கிறவர்தான் கடைசியில், "சரி சரி, ஏறுங்க, பின்னாடி ஆளு நிக்குது" என்றார். அக்கா ஏறினார். அடுத்த ஆளாக நின்ற எனக்கும் அதே வண்டி.

"எங்கே போகணும்?" என்றான் எர்வின், முகத்தைத் திருப்பாமல்.

"உங்க வீட்டுக்கு."

இறக்கிவிட்டதும், எப்போதும் செய்வதுபோல அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்ளவும் இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். மகன் வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்த சாரிங் அக்கா, வாசலில் நின்ற கவுனைப் பார்த்தார். அது எந்த நாளுக்கு உரிய கவுன் என்று அவருக்குத் தெரியும்.

"எல்லார் முன்னாடியுமா சொன்னே?"

"எல்லார் முன்னாடியும்தான்."

"என் மகன் சிரிச்சானா?"

"இல்ல."

சாரிங் அக்கா வாசலை விட்டு விலகி நின்றார். "உள்ளே வா. கவுன்ல வேர்வை ஊத்துது பாரு, நாத்தம் புடிச்சவளே."

பட்டையைக் கட்டும்போது லூமிங் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. "அழாதே. அழுதா உனக்குக் காது கேக்காது, எனக்கு நம்பர் தப்பா வரும்" என்றார் சாரிங். அழுகை அடங்கியது. காற்று ஏறியது. இறங்க ஆரம்பித்தபோது சாரிங்கின் மடியில் போன் சிணுங்கியது. நீலக் குழு. அவர் கை தானாகத் துள்ளியது. மறுபடி ஏற்றினார்கள். இந்தத் தடவை லூமிங்கின் பையில் சிணுங்கியது. ஆரஞ்சுக் குழு. இப்போது துள்ளியது லூமிங்கின் கை.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாரிங் அக்கா எழுந்தார். அடுப்பங்கரையில் காலியாக இருந்த சின்னச் சோற்றுப்பானையை எடுத்து வந்தார். தன் போனைப் போட்டார், மாரேயின் போனைப் போட்டார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நானும் போட்டேன். மூடியை அழுத்தி மூடி, அதன்மேல் அம்மிக்கல் மாதிரி தன் முழங்கையை வைத்துக்கொண்டார்.

"சத்தமே போடக் கூடாது" என்றார், பானையைப் பார்த்து.

நாங்கள் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். வெளியே யாரோ கோழிக்குக் குரல் கொடுத்தார்கள். அப்புறம் பார்த்த அளவு நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முந்தியதைவிடக் கீழே இருந்தது. லூமிங் அக்கா அளவை எழுதிக்கொண்டு, அதே கவுனோடு நிலையத்துக்கு மாத்திரை வாங்க ஓடினார். போன்களை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பானையையும் கையோடு எடுத்துப்போனார். சாரிங் அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

தேர்தல் வந்தது, முடிந்தது. ஒரு நிறம் பட்டாசு வெடித்தது, ஒரு நிறம் படுத்துக்கொண்டு அழுதது. லூமிங் அக்கா ஆரஞ்சை விடவில்லை. இன்றைக்கும் வாதாடுகிறார். படம் தெரியாத பதிவுக்கு மட்டும் வாயைத் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மாடிப்படியில் வந்து உட்கார்ந்து, வைஃபையில் எல்லாக் கட்டங்களும் திறந்த பிறகு, எழுதப்போகிற பதிலை முதலில் எனக்கு வாயால் சொல்வார். சொல்லி முடிக்கும்போதே பாதிப் பதில்கள் அவருக்கே அலுத்துப்போகும். மிச்சத்தைப் போடுவார். கீழே போய் மைக்கைப் பிடிப்பார்.

அந்தப் படியில்தான் ரொமுலோவின் படமும் ஒருநாள் திறந்தது. மீசை இல்லை. முன்பல்லும் இல்லை. மடியில் பிறந்த குழந்தையோடு ஒரு கிழவர்.

"இவரோடயா நான் இத்தனை நாள்..." என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பேரக்குழந்தை நல்லாக் கொழுகொழுன்னு இருக்கு. ஆனா ஆளு சொல்றது தப்புதான் மேடம்."

எர்வின் மட்டும் அப்படியே இருந்தான். தெருவில் பார்த்தால் தலையசைப்பான். வண்டியை நிறுத்த மாட்டான். லூமிங் அக்கா அதைப் பற்றிப் பேசியதில்லை. அவன் வண்டி வருகிற சத்தம் கேட்டால் வலதுகையைப் பையின் வாரிலிருந்து எடுத்துக் கீழே தொங்கவிட்டுக்கொள்வார். வண்டி போனதும் மறுபடி வாரைப் பிடித்துக்கொள்வார்.

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஒருநாள், நான் சாரிங் அக்கா வீட்டில் புட்டோ வாங்க உட்கார்ந்திருந்தேன். லூமிங் அக்காவுக்கு யாரும் பிரஷர் பார்ப்பதில்லை என்று சாரிங் கண்டுபிடித்து, அன்று பிடிவாதமாகப் பட்டையை எடுத்து அவர் கையிலேயே கட்டியிருந்தார். எங்கள் போன்கள் பானைக்குள். சாரிங் காற்றை ஏற்ற, லூமிங் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு தன் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

எர்வின் மழையில் நனைந்து உள்ளே வந்தான். துண்டை எடுத்தான், தலையைத் துவட்டினான், எங்களைத் தாண்டி அடுப்பங்கரைக்குப் போனான். ஒரு புட்டோவை வாயில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவன், மேசைப் பக்கத்தில் நின்றான். குனிந்து, பட்டை கட்டியிருந்த கையையே எடுத்துத் தன் ஈர நெற்றியில் வைத்துக்கொண்டான். ரப்பர் குழாய் இழுபட்டது. வாய் நிறையப் புட்டோவோடு, "ஞானம்மா" என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு மழைக்குள் போய்விட்டான்.

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

"எவ்வளவு?" என்றார் சாரிங்.

லூமிங் அக்கா காதிலிருந்ததைக் கழற்றி முந்தானை இல்லாத கவுனில் கண்ணைத் துடைக்க இடம் தேடி, கடைசியில் தோளில் துடைத்துக்கொண்டார்.

"தெரியல மாரே. கவனிக்காம விட்டுட்டேன். மறுபடியும் காத்தை ஏத்து."